சின்ன சிஎன்சி பட்டறை, ஐடி ஆள் கிடையாது: ரேன்சம்வேர் வராமல் இருக்க எங்கிருந்து தொடங்குவது?

லேத்_பையன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு சின்ன பிரசிஷன் பட்டறையில் புரொடக்‌ஷன் சூப்பர்வைசராக இருக்கிறேன். மொத்தம் 38 பேர். கம்ப்யூட்டர் சொல்படி உலோகம் கடையும் சிஎன்சி மெஷின் 11, பாகங்களை அளவெடுக்கும் சிஎம்எம் மெஷின் ஒன்று, இரண்டு பழைய லேத். அலுமினியமும் ஸ்டெயின்லெஸும் கடைந்து, செமிகண்டக்டர் கருவி செய்யும் கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம்.

போன மாதம் எங்களுக்கு ஆனடைசிங் (அலுமினியத்துக்கு மேல்பூச்சு) செய்து தரும் கடையில் ஒரு நாள் யாரும் போனை எடுக்கவில்லை. மறுநாளும் இல்லை. நேரில் போய்ப் பார்த்தால் எல்லா கம்ப்யூட்டரும் லாக். ரேன்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வைரஸ். எங்கள் பாகங்கள் 600-க்கு மேல் அவர்கள் ரேக்கில் கண் முன்னால் இருக்கின்றன. எது எந்த ஆர்டர், எது முடிந்தது, எது பாதி என்று சொல்லத்தான் ஆளில்லை. லாரியில் அள்ளிக்கொண்டு வந்து, மைக்ரோமீட்டரை வைத்து நாங்களே பிரித்தோம். இரண்டு ராத்திரி போயிற்று.

அதைப் பார்த்து எங்கள் பாஸுக்குப் பயம் வந்துவிட்டது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால் எடுப்பவன் நான்தான் என்பதால் இந்தப் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

எங்கள் நிலைமையை மறைக்காமல் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வரைபடங்கள், மெஷினை ஓட்டும் ஜி-கோடு புரோகிராம்கள், இன்வாய்ஸ் எல்லாம் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு நாஸ் பெட்டியில் (எல்லாரும் நெட்வொர்க்கில் பகிரும் டிஸ்க்). பேக்கப் என்பது அதில் எப்போதும் செருகியே இருக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க். சிஎம்எம்மின் கம்ப்யூட்டர் விண்டோஸ் எக்ஸ்பி. அளவெடுக்கும் மென்பொருள் அதில் மட்டும்தான் ஓடும். பழைய மெஷின்களுக்கு புரோகிராம் போவது ஒரு சிவப்பு தம்ப் டிரைவில், அது ஆணியில் தொங்கும், யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். மெஷின் விற்றவர்கள் டீம்வியூவர் என்ற ரிமோட் மென்பொருள் வழியாக எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரலாம். வைஃபை ஒன்றே ஒன்று, பாஸ்வேர்ட் பேன்ட்ரி வெள்ளைப்பலகையில் எழுதியிருக்கிறது.

வருடத்துக்கு இரண்டு தடவை வரும் ஐடி கடைக்காரர் புது ஃபயர்வாலும் வேறு என்னென்னவோ சேர்த்து 18,000 வெள்ளி கொட்டேஷன் கொடுத்தார். பாஸ் அதைப் படித்துவிட்டு, "நாம் சின்ன கடை, நம்மை யார் தேடி வரப் போகிறார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஸ்விட்ச்போர்டு

முதலில் எழுந்து போய் அந்த ஹார்ட் டிஸ்கைப் பிடுங்குங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

செருகியே இருக்கும் பேக்கப், பேக்கப் கிடையாது. வருபவன் நாஸைப் பூட்டும்போது கூடவே அதையும் பூட்டிவிட்டுப் போவான். இரண்டு டிஸ்க் வாங்கி, வாரம் மாற்றி வாரம் ஒன்று செருகி, மற்றது அலமாரியில். நூறு, இருநூறு வெள்ளி விஷயம்.


துவாஸ்_மெயின்டனன்ஸ்

தம்பி, 26 வருடமாக ஜூரோங்கிலும் துவாஸிலும் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கிறேன். ஐடி படித்தவன் இல்லை. ஆனால் ஒரு தடவை அடி வாங்கியவன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் இருந்தது 120 பேர் வேலை பார்த்த ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் தொழிற்சாலை. சீனப் புத்தாண்டு விடுமுறை முடிந்து காலை ஷிப்டுக்கு வந்தோம். மெஷின்கள் எல்லாம் ஒழுங்காகத்தான் கிளம்பின. ஹீட்டர் ஏறியது, மோல்டு மூடித் திறந்தது, பாகம் விழுந்தது. எட்டு மணிக்கு பேக்கிங்கிலிருந்து ஒரு அக்கா வந்து லேபிள் பிரிண்டர் ஓடவில்லை என்றார். ரிப்பனை மாற்றினேன். ஹெட்டைத் துடைத்தேன். கேபிளை ஆட்டிப் பார்த்தேன். அரை மணி நேரம் அந்த பிரிண்டரோடு மல்லுக்கட்டிய பிறகுதான் ஆபிஸிலிருந்து ஓடிவந்து சொன்னார்கள், சர்வரில் ஒரு ஃபைலும் திறக்கவில்லை என்று. நான் திட்டிக்கொண்டிருந்த பிரிண்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. லேபிளில் என்ன அச்சடிக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லத்தான் ஆளில்லை.

கவனியுங்கள், ஒரு மெஷின்கூட நிற்கவில்லை. ஆனால் லேபிள் இல்லாமல் பெட்டி வாசலைத் தாண்டாது. லாட் நம்பர் இல்லாத சரக்கை வாடிக்கையாளர் தொடமாட்டார். மதியத்துக்குள் பெட்டிகள் தீயணைப்பு வழி வரைக்கும் அடுக்கி நின்றன, சேஃப்டி ஆபிஸர் வந்து கத்தினார். வைக்க இடமில்லாமல் நாங்களே மெஷின்களை நிறுத்தினோம். பழைய நிலைக்கு வர 11 நாள் ஆயிற்று.

எப்படி நுழைந்தார்கள்? ஆராய வந்தவர்கள் சொன்னது இது: சில்லர் கருவி சர்வீஸ் செய்த ஒரு கம்பெனிக்குத் திறந்துவிட்ட ரிமோட் கணக்கு. ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடம். கணக்கை மூட யாருக்கும் ஞாபகம் இல்லை. உங்கள் டீம்வியூவரைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது அதனால்தான். மெஷின்காரர் வரக்கூடாது என்று சொல்லவில்லை. அவர் இல்லாமல் நமக்கும் ஆகாது. போன் செய்யட்டும், நீங்கள் திறந்துவிடுங்கள், வேலை முடிந்ததும் நீங்களே மூடுங்கள். எங்கள் இடத்தில் பிறகு ரிமோட் பெட்டியின் பவருக்கு ஒரு சாவி சுவிட்ச் வைத்தேன். சாவி ஷிப்ட் லீடர் இடுப்பில். ஐடி ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சாவி என்றதும் ஒன்று. 2017-ல் சவூதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்பு கன்ட்ரோலருக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள், அந்த வைரஸுக்கு டிரைட்டன் என்று பெயர் வைத்தார்கள். அந்த கன்ட்ரோலரின் முகத்தில் ஒரு சாவி இருக்கிறது. 'ரன்' நிலையில் இருக்க வேண்டியதை 'புரோகிராம்' நிலையிலேயே விட்டிருந்தார்கள். உங்கள் பிஎல்சி (மெஷினை ஓட்டும் சின்ன கம்ப்யூட்டர்) பெட்டிகளைத் திறந்து பாருங்கள். வேலை முடிந்து சாவியைத் திருப்பாமல் போனவர் எத்தனை பேர் என்று தெரியும். நானே போயிருக்கிறேன்.

இப்போது பேக்கப். நீங்கள் சிஎன்சி ஆள், அதனால் உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். கன்ட்ரோலரில் பேட்டரி செத்தால் என்ன ஆகும்? பாராமீட்டர், ஆஃப்செட், மேக்ரோ எல்லாம் காற்றில் போகும். மெஷின் இரும்புக் குப்பை. அதற்காகத்தானே நல்ல மெயின்டனன்ஸ் ஆள் எல்லாவற்றையும் ஒரு மெமரி கார்டில் எடுத்து, மெஷின் நம்பர் எழுதி, அலமாரியில் வைக்கிறான். ஹேக்கர் வருவதும் பேட்டரி சாவதும் நமக்கு ஒரே நோய், ஒரே மருந்து. எங்கள் இடத்தில் ஆபிஸ் பேக்கப் முழுக்க சர்வரோடு சேர்ந்து பூட்டிக்கொண்டது. என் பழைய லேப்டாப்பில் இருந்த பிஎல்சி புரோகிராம்களும், மோல்டிங் மெஷின்களின் செட்டிங் காப்பிகளும்தான் தப்பித்தன. ஹேக்கருக்குப் பயந்து எடுத்து வைத்தவை அல்ல, பேட்டரிக்குப் பயந்து எடுத்தவை.

இன்னொன்றும் காப்பாற்றியது. தரம் பார்க்கும் க்யூசியில் ஒரு மலாய்க்கார பாக்சிக், அதாவது பெரியவர், 60 வயதுக்கு மேல். கம்ப்யூட்டரை நம்பாமல் ஒவ்வொரு பாகத்தின் வரைபடத்தையும் அச்செடுத்து ஃபைலில் கோத்து வைத்திருந்தார். மரத்தை வீணாக்குகிறார் என்று அவரைக் கிண்டல் செய்தவர்கள் எல்லாம் அந்த வாரம் அவர் மேஜை முன்னால் வரிசையில் நின்றோம்.

நார்வேயின் நார்ஸ்க் ஹைட்ரோ தெரியுமா? அலுமினியக் கம்பெனி, நீங்கள் கடையும் பார் ஒன்றிரண்டு அவர்களுடையதாகக்கூட இருக்கலாம். 2019 மார்ச்சில் லாக்கர்கோகா என்ற ரேன்சம்வேர் விழுந்தது. 35,000 பேர் வேலை பார்க்கும் கம்பெனி, 40 நாடுகளில் கம்ப்யூட்டர்கள் முடங்கின. தலைமையகக் கதவில் கம்ப்யூட்டரை நெட்வொர்க்கில் இணைக்காதே என்று காகிதத்தில் எழுதி ஒட்டினார்கள். பணம் கட்டவில்லை. ஆலைகளில் பழைய காகித ஆர்டர்களை எடுத்து, கையால் மெஷினை ஓட்டிச் சமாளித்தார்கள். உள்ளே வந்த வழி? அவர்களுக்குத் தெரிந்த ஒரு வாடிக்கையாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலில் இருந்த ஒரு ஃபைல்.

உங்கள் பாஸின் கேள்விக்கு வருகிறேன். சின்ன கடையை யார் தேடுவார்கள்? யாரும் தேடுவதில்லை தம்பி. வலை வீசுகிறவன் மீனின் பெயரைக் கேட்டு வீசுவதில்லை. திறந்த கதவு இருக்கிறதா என்று இரவும் பகலும் தேடுகிற புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, மாட்டுகிறவன் மாட்டுகிறான். ஜப்பானில் கோஜிமா என்று ஒரு கம்பெனி, கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிறது. 2022-ல் அவர்களைத் தாக்கினார்கள். வழி, அவர்களுடைய துணை நிறுவனம் ஒன்று வைத்திருந்த ரிமோட் கருவி. அதனால் மார்ச் 1-ம் தேதி டொயோட்டா ஜப்பானில் 14 ஆலைகளை ஒரு நாள் முழுக்க மூடியது. 13,000 கார் போல உற்பத்தி போயிற்று. இதை உங்கள் பாஸிடம் சொல்லுங்கள். அப்புறம் உங்கள் பெரிய வாடிக்கையாளர் இந்தக் கதையைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள். இன்று இல்லாவிட்டால் அடுத்த ஆடிட்டில் கேட்பார்.


கணக்கு_அக்கா

அண்ணன் மெஷின் பக்கம் சொல்லிவிட்டார், நான் ஆபிஸ் பக்கம். ஒரு மெட்டல் ஸ்டாம்பிங் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன்.

எங்களுக்கு வந்தது ரேன்சம்வேர் இல்லை. ஐந்து வருடமாகச் சரக்கு அனுப்பும் சப்ளையரிடமிருந்து மின்னஞ்சல்: வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள். இன்வாய்ஸ் நம்பர் சரி, தொகை சரி, கையெழுத்து சரி, முன்னால் நாங்கள் பேசிய மின்னஞ்சல்கூட கீழே இருந்தது. அவர்கள் மின்னஞ்சலுக்குள் யாரோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அந்த மின்னஞ்சலில் இருந்த நம்பருக்கு போன் செய்திருந்தால் அவனேதான் எடுத்திருப்பான். என் பழைய நோட்டில் இருந்த நம்பருக்குச் செய்தேன். அந்தப் பக்கம் பேசிய அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. 43,000 வெள்ளி தப்பித்தது.

தம்பி, உங்கள் கணக்குப் பிரிவுக்கு இரண்டே விஷயம். கணக்கு எண் மாறினால் பழைய நம்பரில் கூப்பிட்டுக் கேட்காமல் ஒரு காசு போகக்கூடாது, பாஸே அவசரப்படுத்தினாலும். மின்னஞ்சலுக்கு பாஸ்வேர்டோடு போனில் வரும் இரண்டாவது சரிபார்ப்பும் போடுங்கள். பாஸ் வேண்டாம் என்பார், நேரம் பிடிக்கிறது என்பார். எங்கள் பாஸும் சொன்னார்.


கேபிள்_கட்

இவ்வளவு பேச்சு எதற்கு? மெஷின் நெட்வொர்க்கில் இன்டர்நெட் கேபிளை வெட்டிவிட்டால் முடிந்தது. இன்டர்நெட் இல்லாத மெஷினை எவன் ஹேக் செய்வான்?


துவாஸ்_மெயின்டனன்ஸ்

பாதி சரி. ஆனால் அந்தச் சிவப்பு தம்ப் டிரைவுக்குக் கேபிள் தேவையில்லையே.

2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட், ஈரானில் இன்டர்நெட்டே இல்லாத இடத்தில் இருந்த சீமென்ஸ் பிஎல்சிகளைத் தாக்கியது. தம்ப் டிரைவில் பரவக்கூடிய சரக்கு அது. சரி, அது நாடுகள் ஆடும் ஆட்டம், நமக்கு எதற்கு என்று விடுங்கள். 2018 ஆகஸ்டில் தைவானின் டிஎஸ்எம்சி, உலகத்துக்கே சிப் செய்கிறவர்கள், அவர்கள் ஆலைகளில் வானாக்ரை வகை வைரஸ் பரவி உற்பத்தி நின்றது. ஹேக்கர் ஒருவரும் வரவில்லை. புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் இருக்கிறதா என்று பார்க்காமல் நெட்வொர்க்கில் செருகினார்கள், அவ்வளவுதான். வானாக்ரைக்கு மைக்ரோசாஃப்ட் மருந்து, அதாவது அப்டேட், கொடுத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. நம் கடையில் புது மெஷின் இறங்கினால் முதலில் பூஜை போடுகிறோம், எலுமிச்சம்பழம் வைக்கிறோம். கூடவே ஒரு ஸ்கேனும் போடலாம்.

கேபிளை வெட்டுவதைவிட, பிரிப்பது நல்லது. ஆபிஸ் ஒரு நெட்வொர்க், மெஷின்கள் ஒன்று, வைஃபைக்கு வரும் எல்லாருடைய போனும் தனியாக ஒன்று. ஆபிஸிலிருந்து மெஷின் பக்கம் போக ஒரே ஒரு கதவு, அதில் ஜி-கோடு போகும் வழி மட்டும் திறப்பு. மெஷின் கன்ட்ரோலர்கள் பேசும் மாட்பஸ் போன்ற பழைய பாஷைகளில் நீ யார் என்று கேட்கும் வழக்கமே கிடையாது. கட்டளை வந்தால் செய்யும். அதனால் காவல் வாசலில்தான் இருக்க வேண்டும். தம்பி, உங்கள் ஐடி கடைக்காரரின் கொட்டேஷனில் இந்தப் பிரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த வரிக்கு மட்டும் பணம் கொடுங்கள். இல்லாவிட்டால் 18,000 வெள்ளிக்கு ஒரு பூட்டு வாங்கி, கதவே இல்லாத வீட்டில் தொங்கவிட்ட மாதிரி.

எக்ஸ்பி சிஎம்எம்: மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது 2014 ஏப்ரலில். இனி அதற்கு மருந்து இல்லை. தூக்கிப் போடவும் முடியாது, அந்த சிஎம்எம் விலை எனக்குத் தெரியும். நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடுங்கள். அளவு ரிப்போர்ட்டை அதற்கென்றே வைத்த ஒரு தம்ப் டிரைவில் எடுங்கள், ஸ்கேன் செய்ய ஓரமாக ஒரு பழைய லேப்டாப். அந்த எக்ஸ்பி டிஸ்கை அப்படியே முழு இமேஜ் (அச்சு அசலான காப்பி) எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஹேக்கர் வராவிட்டாலும் ஒரு நாள் அந்த டிஸ்க் தானாகவே சாகும். தொங்கும் சிவப்பு டிரைவைப் பாடல் ஏற்றி லாரியில் கேட்க எடுத்துப் போகிறார்களா என்றும் விசாரியுங்கள். எங்கள் இடத்தில் எடுத்துப் போனார்கள்.

அரசாங்க உதவி உண்டு. சிஎஸ்ஏ, அதாவது நம் இணையப் பாதுகாப்பு அமைப்பு, 2022-ல் சைபர் எசென்ஷியல்ஸ் என்ற சான்றைச் சின்ன கம்பெனிகளுக்காகவே கொண்டுவந்தது. அதன் பட்டியலை எடுத்துப் படித்தால் போதும், சான்று அப்புறம். என்ன கருவி இருக்கிறது என்று எழுதி வை, அப்டேட் செய், பேக்கப் எடு என்று நேராகவே இருக்கும். வெளியிலிருந்து ஒரு பாதுகாப்பு ஆலோசகரை வைத்துக்கொள்ள 2023-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள், தகுதியுள்ள சின்ன கம்பெனிகளுக்குச் செலவில் 70 விழுக்காடு வரை கிடைக்கும் என்றார்கள். இப்போதைய விதியை சிஎஸ்ஏ தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விழுந்துவிட்டால் என்ன செய்வது? இதை அச்செடுத்து சுவரில் ஒட்டுங்கள், ஏனென்றால் அன்று கம்ப்யூட்டர் இருக்காது. ஓடும் மெஷினை முதலில் ஒழுங்காக நிறுத்த வேண்டும். பயத்தில் மெயின் பவரைப் பிடுங்கினால் டூல் பாகத்துக்குள் இருக்கும்போதே நின்று தொலைக்கும். நெட்வொர்க் கேபிளைக் கழற்றலாம். பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டரை உடனே அணைக்காதீர்கள், அழிக்காதீர்கள். ஆராய்கிறவர்களுக்குத் தடயம் வேண்டும். போலிசில் புகார், சிஎஸ்ஏயின் சிங்செர்ட் பிரிவுக்குத் தகவல். ஊழியர்களின் அடையாள எண், சம்பள விவரம் போயிருந்தால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் உண்டு: பெரும் தீங்கு வரக்கூடியது, அல்லது 500 பேருக்கோ அதற்கு மேலோ பாதிப்பு என்று தெரிந்துவிட்டால் 3 நாளுக்குள் சொல்ல வேண்டும். 38 பேர்தானே என்று விடாதீர்கள், முதல் காரணமே போதும்.

பணம் கட்டாதீர்கள் என்றுதான் அரசாங்கமும் சொல்கிறது. எங்கள் முதலாளி கட்டவில்லை. கொள்கை எல்லாம் இல்லை, கேட்ட தொகையைப் பார்த்துக் கோபம் வந்துவிட்டது.


லேத்_பையன்

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ஹார்ட் டிஸ்கை அன்றே பிடுங்கினேன். பிடுங்கியதும் ஒரு சந்தேகம் வந்து அதைத் திறந்து பார்த்தால், கடைசி பேக்கப் 14 மாதத்துக்கு முந்தையது. டிஸ்க் நிறைந்து அப்படியே நின்றுபோயிருந்தது. விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

டொயோட்டா கதையை பாஸிடம் சொன்னேன். ஐடி கடைக்காரரின் கொட்டேஷனில் நெட்வொர்க் பிரிப்பு இல்லை, அதனால் வேறு ஒருவரைக் கேட்கிறோம். டீம்வியூவர் இப்போது கூப்பிட்டால் மட்டும். மெஷின்காரருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

போன சனிக்கிழமை நாஸை அணைத்துவிட்டு அரை நாள் வேலை பார்த்துப் பார்த்தோம். முதல் ஒரு மணி நேரம் நன்றாகப் போயிற்று. பிறகு டெலிவரி ஆர்டர் அச்சடிக்க முடியவில்லை, கையால் எழுதலாம் என்றால் வாடிக்கையாளரின் பார்ட் நம்பர் யாருக்கும் மனப்பாடம் இல்லை. அண்ணன் சொன்ன லேபிள் பிரிண்டர்தான் எங்களுக்கு டெலிவரி ஆர்டர். இப்போது 60 முக்கியமான பாகங்களின் வரைபடமும் நம்பரும் அச்சாகி ஃபைலில் இருக்கின்றன. மரத்தை வீணாக்குகிறேன் என்று பெயர் வாங்கியாயிற்று.

11 மெஷினிலும் பாராமீட்டர் எடுக்கப் போனோம். 9-ம் நம்பரில் பேட்டரி எச்சரிக்கை சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது, எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. பாராமீட்டரை முதலில் எடுத்துவிட்டோம். பேட்டரி திங்கட்கிழமை வருகிறது. மெஷின் ஆனில் இருக்கும்போதுதான் மாற்ற வேண்டும் என்று இரவு ஷிப்ட் பையனிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். அதற்குள் எவனும் பவரை அணைக்காமல் இருக்க சுவிட்ச் மேல் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.